பம்பரைக் கழற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

எங்கள் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்களிடம் வண்டியில் முதலில் அடிபட்டது எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பம்பர்தான். தோட்டத்துக்குப் போகிற இட்டேரியில் இரண்டு பக்கமும் கிளுவை வேலி, திரும்புகிற முக்கில் வேலிக்கு ஊன்றிய கல்லுக்கால். எதிரே பால் வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை. பின்னால் எடுத்தால் கல்லுக்கால் பம்பரின் மூலையைப் பிடித்துவிடும். ஊருக்குள் வந்தால் வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை. பல்லடம், தாராபுரம் ரோடுகளில் வேலியோரத்திலிருந்து திடீரென்று குறுக்கே பறக்கிற மயில். நாலைந்து கிலோ எடையுள்ள ஆண் மயில் ஓடுகிற வண்டியில் மோதினால் கிரில்லும் பம்பரும் சேர்ந்து உடையும். மயிலின் கதி அதைவிட மோசம்.

உடைந்ததும் காதில் விழுவது ஒரே பேச்சு: “பிளாஸ்டிக்தானுங்க, ஒட்டுனா நிக்காது, மாத்திடுங்க.” இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. விரிசல் விட்ட பம்பர்கள் பலவற்றை ஒழுங்காகப் பற்றவைத்து பெயின்ட் அடித்தால் வருஷக்கணக்கில் ஓட்டலாம். சிலவற்றை மாற்றியே ஆக வேண்டும். உங்களுடையது எந்த ரகம் என்று வெளியே நின்று பார்த்தால் தெரியாது. கழற்றி, குப்புறப் போட்டு, உள்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

நாம் பம்பர் என்று சொல்வது உண்மையில் ஒரு மேல்தோல். ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக். அதற்குப் பின்னால் பல கார்களில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஒரு நுரைக்கட்டை இருக்கும். அதற்கும் பின்னால் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம், அது இரண்டு பக்கமும் நசுங்குவதற்கென்றே செய்த பெட்டிகள் வழியாக வண்டியின் சேஸிஸோடு சேர்ந்திருக்கும். பலமான மோதலைத் தாங்குகிற வேலை அந்தச் சட்டத்துக்கும் பெட்டிகளுக்கும். மேல்தோலின் வேலை காற்றை ஒதுக்குவது, விளக்குகளைப் பிடித்துக்கொள்வது, சின்ன இடிகளை வாங்கிக்கொள்வது, குறுக்கே வருகிறவரின் காலில் இரும்பு நேராகப் படாமல் தடுப்பது.

அம்பாசிடர், பத்மினி காலத்தில் குரோம் பூசிய இரும்புதான் வெளியே தெரிந்தது. வளைந்தால் தட்டி நிமிர்த்தினார்கள். 1972ல் பிரான்ஸில் ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரோடு வந்தது, அப்புறம் மெல்ல மெல்ல உலகமே அந்தப் பக்கம் போனது. பிளாஸ்டிக்கின் பெரிய குணம், அமுங்கித் திரும்பி வந்துவிடும். அதுவே ஆபத்தும்கூட. வெளியே ஒரு கீறல் மட்டும் இருக்கும், உள்ளே இரும்புச் சட்டம் மடங்கியிருக்கும். அதனால்தான் கழற்றிப் பாருங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

போன வருஷம் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் ஓரமாக நிறுத்தியிருந்த எங்கள் வண்டியின் வலது முன் மூலையில் சமையல் சாமான் இறக்க வந்த டெம்போ ரிவர்ஸில் வந்து இடித்துவிட்டது. ஃபாக் லைட்டுக்குக் கீழே தொடங்கிய விரிசல் ஒரு சாண் நீளத்துக்கு மேலேறியிருந்தது. மட்கார்டோடு பம்பர் சேர்கிற இடம் வாய் பிளந்து நின்றது. கம்பெனி சர்வீஸில் காட்டினோம். எஸ்டிமேட் போடுகிறவர் இரண்டடி தள்ளி நின்று செல்போனில் படம் எடுத்தார். பம்பர், கிரில், ஃபாக் லைட், இரண்டு பக்கத்து பிராக்கெட் என்று எல்லாமே புதிது போட வேண்டும் என்று எழுதினார். ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே இரும்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, அதெல்லாம் வேலை ஆரம்பித்தபிறகு தெரியும் என்றார். அந்தப் பதில்தான் எனக்கு ஆறவில்லை. மாற்ற வேண்டிய சாமானின் பட்டியல் பார்க்காமலே எழுதியாயிற்று, உயிரைக் காக்கிற பாகத்தைப் பார்ப்பது மட்டும் அப்புறமாம்.

அங்கிருந்து திரும்பி, சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, திருப்பூர் ரோட்டில் ஒரு பட்டறைக்குப் போனோம். தகரக் கொட்டகை, வாசலில் வேப்பமரம். பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். இளவயதில் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற இடத்தில் டிங்கரிங் பழகியவர். கொங்கு நாட்டில் இந்தக் கைத்தொழிலுக்குப் பஞ்சமில்லை. நாமக்கல்லில் லாரி, கரூரில் பஸ், திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி என்று தகடு வளைக்கிற கைகள் தலைமுறையாக இருக்கிற மண் இது. ஆனால் தகட்டுக்குப் பழகிய கை பிளாஸ்டிக்குக்கு அப்படியே ஒத்துவராது. அதற்கு வேறு பொறுமை வேண்டும், அதையும் இவர் கற்றுவைத்திருந்தார்.

“ஏனுங்கண்ணா, இதை மாத்தித்தான் ஆகணுமா?” என்று கேட்டேன்.

“கழட்டிப் பாத்துப்போட்டுச் சொல்றனுங்க அம்மிணி. வெளிய நின்னு என்ன சொல்றது?”

வீல் ஆர்ச்சில் இரண்டு ஸ்குரூ, மேலே ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு வரிசை கிளிப், அடியில் இன்னும் சில. கிளிப்பின் நடுக்குமிழை முதலில் தூக்கிவிட்டு, அப்புறம் முழுதையும் எடுத்தார். அவசரப்பட்டு நெம்பினால் கிளிப்போடு ஓட்டையும் கிழிந்துவிடும் என்றார். ஃபாக் லைட் ஒயரைக் கழற்றி, பம்பரை ஒரு பழைய போர்வை மேல் குப்புறப் போட்டார். முதலில் வண்டிப் பக்கம் போய்க் குனிந்து இரும்புச் சட்டத்தின் இரண்டு ஓரத்துக்கும் டேப் வைத்து அளந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. நுரைக்கட்டையில் ஒரு சின்ன நசுங்கல்கூட இல்லை. “இரும்பு நேரா இருக்குதுங்க. இனி இது தோல் வேலதான்” என்றார்.

அப்புறம் பம்பரின் உள்பக்கத்தில் ஓரிடத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே அச்சில் வார்த்த எழுத்துகள்: பி.பி. + இ.பி.டி.எம். – டி.டி.20. அதாவது பாலிப்ரொப்பிலீன், அதில் நெகிழ்வுக்காக இ.பி.டி.எம். ரப்பர், விறைப்புக்காக நூற்றுக்கு இருபது பங்கு டால்க். முகப் பவுடரில் போடுகிறார்களே, அதே கனிமம்தான். இன்றைக்கு ஓடுகிற கார்களில் பெரும்பாலான பம்பர்கள் இந்தக் குடும்பம். ஸ்கூட்டர் பேனல், சில கிரில் எல்லாம் ஏ.பி.எஸ். என்கிற வேறு ஜாதி. ஒன்றை ஒன்றோடு பற்றவைத்தால் சேராது. எழுத்து அழிந்திருந்தால் ஒரு துணுக்கை நறுக்கித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள், மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் என்று. சுத்தமான பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், சரி. இருபது பங்கு டால்க் கலந்தது தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், அடியில் போய் உட்காரும். அதனால் தண்ணீர்ச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. துணுக்கைக் கொளுத்தினால் மெழுகுவத்தி அணைத்த வாசனை வந்தால் பாலிப்ரொப்பிலீன், கரும்புகையும் மூக்கைத் துளைக்கிற இனிப்பு நெடியும் வந்தால் ஏ.பி.எஸ். எழுத்து இருக்கும்போது இந்த ஆராய்ச்சியே வேண்டியதில்லை.

“ஒட்டினால் நிற்காது” என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும் இங்கேதான் புரிகிறது. பாலிப்ரொப்பிலீன் மேல் எதுவும் எளிதில் ஒட்டாது. பசையும் பெயின்டும் அதன் மேல் பரவிப் பிடிக்காமல் சுருண்டு நிற்கும். கடையில் விற்கிற இன்ஸ்டன்ட் பசை இரண்டு நாளில் தோலாக உரிந்து வரும். பல பட்டறைகளில் பின்பக்கம் ஃபைபர் துணி வைத்து ரெசின் பூசி, முன்பக்கம் தகட்டுக்குப் போடுகிற பட்டியை அப்பிவிடுகிறார்கள். வண்டியை எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். நாலு வேகத்தடை தாண்டினால் பம்பர் வளையும், பட்டி வளையாது, விரிசல் அதே கோட்டில் திரும்பத் தெரியும். இப்படி ஏமாந்தவர்கள்தான் “நிக்காது” என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. நிற்காமல் போனது அந்த முறை, பம்பரில் குறையில்லை.

பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக்காலேயே உருக்கிச் சேர்க்க வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்கு இது புதிதில்லை. முன்பெல்லாம் “பிளாஸ்டிக் கொடம் ஒட்டறதேய்” என்று கூவிக்கொண்டு ஒருவர் சைக்கிளில் வருவார். கரி அடுப்பில் இரும்பைக் காயவைத்து, உடைந்த குடத்திலிருந்தே ஒரு துண்டு நறுக்கி, ஓட்டையில் வைத்து உருக்கி இழைத்துவிடுவார். அந்தக் குடம் மறுபடி இடுப்பில் ஏறும். பம்பரில் நடப்பதும் அதே வித்தைதான், கொஞ்சம் கணக்கோடு.

பட்டறைக்காரர் முதலில் விரிசல் முடிகிற நுனியைத் தேடினார். பம்பரை இரண்டு கையாலும் லேசாக வளைத்தால் மயிரிழை விரிசலும் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நுனியில் மூன்று மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு துளை போட்டார். துளை இருந்தால் விரிசல் அதற்கு மேல் ஓடாது. முன்பக்கம் இரண்டு உதடுகளையும் ஒரே மட்டமாக வைத்து அலுமினிய டேப் ஒட்டினார். திருப்பிப் போட்டு, உள்பக்கம் விரிசல் நெடுகப் பாதித் தடிமனுக்கு ‘வி’ மாதிரி பள்ளம் எடுத்தார். கிரைண்டரை மெதுவாக ஓட்டினார். வேகமாக ஓட்டினால் இந்தப் பிளாஸ்டிக் அறுபடாமல் உருகி நூல் நூலாகத் தொங்கும்.

அடுத்தது சூட்டுக்கோல். தட்டை நுனியுள்ள சால்டரிங் அயன். மூலையில் கிடந்த இன்னொரு பழைய பம்பரை எடுத்து, அதிலும் அதே எழுத்து இருக்கிறதா என்று பார்த்து, அரை விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாக நறுக்கிவைத்திருந்தார். பாலிப்ரொப்பிலீன் ஏறக்குறைய 160 டிகிரியில் இளகும். சூடு போதாவிட்டால் மேலே பூசினாற்போல் நிற்கும், உள்ளே சேராது. சூடு மிஞ்சினால் பழுப்பாகிப் புகையும், அந்த இடம் பிறகு அப்பளமாக நொறுங்கும். அவர் அயனின் நுனியால் பள்ளத்தின் இரண்டு கரையையும் இளக்கி, பட்டையையும் இளக்கி, மூன்றையும் ஒன்றாகப் பிசைந்தார். பிசைந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், அயன் அப்படித்தான் வட்டமாகச் சுற்றியது. இளகின கறுப்பு பளபளப்பதும், அயனை எடுத்ததும் மங்கி இறுகுவதும் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. இளகினது இறுகுமுன் துருப்பிடிக்காத கம்பி வலையை ஒரு பட்டையாக வெட்டி, விரிசலின் மேல் வைத்து அழுத்தினார். வலையின் கண்கள் வழியாகப் பிளாஸ்டிக் மேலே ஊறி வந்தது. அதன் மேல் இன்னொரு பட்டை. முழுக்க ஆறும்வரை கை வைக்கவில்லை, தண்ணீர் ஊற்றி ஆற்றவும் இல்லை. அப்புறம் டேப்பைப் பிய்த்து முன்பக்கமும் அதேபோல.

ஆறினதும் பம்பரை என் கையில் கொடுத்து, “வளச்சுப் பாருங்க” என்றார். பயந்து பயந்து வளைத்தேன். பக்கத்திலிருந்த நல்ல இடம் எப்படி வளைந்ததோ அப்படியே பற்றவைத்த இடமும் வளைந்தது. வேலை சரியா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சோதனை கிடையாது. பட்டியும் பெயின்டும் ஏறுவதற்கு முன்னால் வளைத்துப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் தயங்கவே மாட்டார்.

மட்கார்டோடு சேர்கிற இடத்தில் இரண்டு காதுகள் ஒடிந்திருந்தன. காது என்பது கிளிப்போ ஸ்குரூவோ போகிற சின்ன நாக்கு. அதையும் பழைய பம்பரிலிருந்து அறுத்து, வேரோடு பற்றவைத்து, ஓட்டை போட்டார். முகத்தில் விரிசல் எவ்வளவு அழகாக மறைந்தாலும் காது நிற்காவிட்டால் பம்பர் தொங்கும். ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள் விரிசலையே பார்க்கிறார்கள், காதை எண்ணிப் பார்ப்பதில்லை.

விரிசலே இல்லாமல் வெறும் அமுங்கல் என்றால் பட்டறைக்குக்கூடப் போக வேண்டாம். நன்றாகக் கொதித்த தண்ணீரை அமுங்கின இடத்தில் நிதானமாக ஊற்றி, உள்ளிருந்து கையுறை போட்ட கையால் தள்ளினால் பெரும்பாலும் திரும்பி வரும். கத்தியால் மடித்ததுபோலக் கோடு விழுந்துவிட்டால் முழுதாக வராது. ஹீட் கன்னைக் கிட்டக் காட்டாதீர்கள், பெயின்ட் கொப்பளித்துவிடும்.

பெயின்ட் தனிக்கதை. பற்றவைத்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, வளைந்து கொடுக்கிற ரகப் பட்டியை மெல்லிசாக இழுத்து, மறுபடி வாட்டர் பேப்பர். அதற்குமேல் பிளாஸ்டிக்குக்கென்று இருக்கிற பிரைமர் வேண்டும். பெயின்ட் பிடிப்பதற்கான ஒட்டுப்பூச்சு அதுதான். இதை விட்டுவிட்டு நேரே தகட்டு பிரைமர் அடித்தால், கார் கழுவுகிற இடத்தில் பிரஷர் தண்ணீர் பட்டு ஒரு நாள் பாளம் பாளமாக வரும். அப்புறம் கலர், அப்புறம் கிளியர் என்கிற நிறமில்லாத பளபளப்புப் பூச்சு. ஒரு மூலையில் மட்டும் அடித்தால் திட்டு தெரியும், பம்பர் முழுக்க அடிக்கச் சொல்லுங்கள். அப்படி அடித்தும் சில்வர், பேர்ல் ஒயிட் வண்டிகளில் மட்கார்டுக்கும் பம்பருக்கும் ஒரு பொடி வித்தியாசம் இருக்கலாம். புது வண்டியிலேயே அது உண்டு. தகட்டு பாடியை ஏறக்குறைய 140 டிகிரியில் சுட்டு பெயின்டைக் காயவைக்கிறார்கள், பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால் பம்பருக்குத் தனியாகக் குறைந்த சூட்டில் அடிக்கிறார்கள்.

நம் பக்கத்துக்கென்று ஒரு கவனம் வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரைக்கும் மண்ணை வாரி அடிக்கும். அந்த மாதங்களில் திறந்த கொட்டகையில் கிளியர் அடித்தால் புழுதி மேலே உட்கார்ந்து சொரசொரப்பாகிவிடும். மூடின பூத் இருக்கிற இடத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் காற்று தணிகிற விடிகாலையில் அடிக்கச் சொல்லுங்கள். எங்கள் பட்டறைக்காரர் தரையில் தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் கட்டி, அஞ்சரை மணிக்கே அடித்து முடித்துவிட்டார்.

மாற்றியே தீர வேண்டியவை எவை? ஒரு துண்டே காணாமல் போயிருந்தால், ஹெட்லைட்டைத் தாங்குகிற இடம் கிழிந்திருந்தால், காதுகள் பாதிக்குமேல் போயிருந்தால், விரிசல் சிலந்தி வலையாகப் பல பக்கம் ஓடியிருந்தால் மாற்றுங்கள். பெயின்ட் அடிக்காத சொரசொரப்பான கறுப்புப் பம்பரும் அப்படித்தான், அந்தச் சொரசொரப்பை அப்படியே திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். இப்போது வருகிற சில வண்டிகளில் பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது. அதற்கு நேராகப் பட்டியோ கம்பி வலையோ தடித்த பெயின்டோ வந்தால் அது பார்ப்பதே தப்பாகிவிடும். அங்கே ரிப்பேர் பேச்சே வேண்டாம்.

மாற்றுவதென்று முடிவானால் ஒரிஜினல்தான் முதல் தேர்வு. மலிவான டூப்ளிகேட் பம்பர்கள் பல மெல்லிசாக இருக்கும், ஓட்டைகள் கால் அங்குலம் தள்ளி நிற்கும், மட்கார்டோரம் இடைவெளி சேராது. அதைவிட, கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் பழைய வண்டிச் சாமான் கடைகளில் தேடி, அதே மாடலின் ஒரிஜினல் பழைய பம்பர் கிடைத்தால் வாங்கிவிடலாம். நிறமும் அமைந்துவிட்டால் அதிர்ஷ்டம். காதுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, கவலை எதற்கு என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் பிடிப்பார்கள், வண்டி வாங்கி எத்தனை மாதம் ஆனாலும் சரி. பெயின்ட் கூலியில் கால் பங்கைச் சாமான் செலவு என்று எடுத்து அதிலும் பாதி பிடிப்பார்கள். 1500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய் நாம் போட்டே ஆக வேண்டும், அதற்கு மேலென்றால் 2,000. பம்பர் 6,000, பெயின்ட் 4,000 என்று வைத்துக்கொள்வோம். பம்பருக்கு 3,000, பெயின்டுக்கு 3,500, அதில் 1,000 கழித்தால் கைக்கு வருவது 5,500. இதற்கு விலையாகப் போவது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் செய்யாமல் இருந்ததற்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி. சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000, இப்போது 35 சதவீதத் தள்ளுபடியில் இருக்கிறீர்கள் என்றால் அடுத்த வருஷம் 45 சதவீதம் கிடைத்திருக்கும், அது சுழியாகிவிடும்: 3,600 போச்சு. அதற்கடுத்த வருஷம் 50க்குப் பதில் 20 சதவீதம்: இன்னும் 2,400. இரண்டு வருஷத்தில் 6,000 ரூபாய், வாங்கினதைவிட அதிகம். ஜீரோ டெப் போட்டிருந்தால் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், ஆனால் போனஸைக் காக்கத் தனியாக ஒரு சேர்ப்பு எடுத்திருந்தால் ஒழிய போனஸ் போவது போவதுதான். உள்ளே இரும்பும் ரேடியேட்டரும் போயிருந்தால் தாராளமாகக் கிளெய்ம் செய்யுங்கள், அதற்குத்தான் பாலிசி. ஒரு சாண் விரிசலுக்கு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பம்பர் உடையக் கூடாது என்று முன்னால் இரும்புக் குழாயில் கிராஷ் கார்டு மாட்டுகிறார்கள். தோட்டம், காடு என்று போகிறவர்களிடம் இது அதிகம். தயவுசெய்து வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அது விதிமீறல் என்று சொல்லி, நடவடிக்கை எடுக்கும்படி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. நசுங்குவதற்கென்று செய்த பெட்டிகளைத் தாண்டி அந்தக் குழாய் மோதலை நேரே சேஸிஸுக்குக் கொண்டுபோய்விடும், ஏர்பேக் விரிய வேண்டிய கணக்கும் குழம்பலாம். சாலையில் நடந்து போகிற ஓர் அப்பத்தாவின் முழங்காலில் அது படுவதை நினைத்துப் பாருங்கள். உடையவேண்டியது பம்பர்தான், அதை மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம்.

ரிப்பேர் முடிந்து வண்டியை எடுக்கும்போது பகலில் எடுங்கள். மட்கார்டோரத்து இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா, பானெட் மூடினால் கிரில்லோடு உரசுகிறதா, ஃபாக் லைட் எரிகிறதா, பார்க்கிங் சென்சார் இருந்தால் கூவுகிறதா என்று பாருங்கள். வீல் ஆர்ச் பக்கம் கையை வைத்துப் பம்பரை இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது. கழற்றின கிளிப்புகளில் உடைந்தவற்றுக்குப் பதில் புதிது போட்டார்களா என்று கேளுங்கள், சில்லறைக் காசுக்குக் கிடைப்பதுதான். அப்புறம் ஒரு மாதத்துக்குப் பாலிஷ் வேண்டாம், பிரஷர் வாஷ் வேண்டாம். பக்கெட் தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும்.